உள்ளூர்க் கட்டணம்

ரொம்மன், ஒஸ்லோ
12.9.2004

தர்மிகா,

நீ கேட்ட வசிப்பிடச் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. மக்கள் பதிவு அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் நின்று எடுத்தேன். சுரேன் சபாரத்தினம் ஆகிய நான் ஒன்பது வருடமாக இந்த விலாசத்தில் குடியிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். தங்கச்சி அமெரிக்காவில் படிப்பதற்கு அண்ணன் ஒஸ்லோவில் இருக்கிற அத்தாட்சி எதற்கு என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஏதோ விதியாம் என்றேன். நீ விதியை வாசித்துக் காட்டினாய், ஏன் அப்படி ஒரு விதி என்று ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை.

விமான நிலையத்தில் உன்னோடு கதைக்காமல் நின்றது என் பிழைதான். ஆனால் அதற்கு முன் சொன்னதில் பிழையில்லை. படிப்புக்கு ஒரு சதம் வாங்காத நாட்டில் வளர்ந்த பிள்ளை, காசு கட்டிப் படிக்கிற நாட்டுக்குப் போனால் கேட்கிறவன் சிரிப்பான். அதுவும் வானிலை படிக்க. இந்த நாட்டிலேயே, பேர்கனில் இல்லாத மழையா? கேட்டால் உனக்கு மழை போதாது, சுழல்காற்று வேண்டும் என்றாய். சுழல்காற்றைத் தேடிக் கடல் கடந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை நீ ஒருத்திதான்.

நானும் படிக்க வந்தவன்தான், மறந்துவிடாதே. எண்பத்தெட்டில் இந்த நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அனுமதிக் கடிதத்தோடு பதினெட்டு வயதில் இங்கே வந்து இறங்கினேன். ஒரு வருடம் மரவேலையும் பனிச்சறுக்கும் படித்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் வடக்கே மீன் தொழிற்சாலை. அம்மாவும் போன பிறகு உன்னைக் கூப்பிட்டேன், அப்போது உனக்குப் பத்து வயது. எங்களுக்குப் படிப்பு என்பது தப்பி வெளியேறுகிற வாசலாக இருந்தது. நீ எதிலிருந்து வெளியேறினாய் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கினால் கோபம் குறையும் என்று நினைக்கிறேன்.

ஃபோனில் கதைத்தால் ஒன்றில் சண்டை, இல்லையென்றால் அழுகை. இரண்டுக்கும் ஃபோன் அட்டைதான் முடிகிறது. அதனால் எழுது. தமிழில் எழுது. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனதற்கு அதாவது மிஞ்சட்டும்.

சுரேன்


3.10.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. கல்லூரி ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் இப்போது கட்டண விஷயத்தில் இந்த மாநிலத்துக்காரி.

விளங்கப்படுத்துகிறேன். இங்கே இரண்டு விலை. மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன் நோர்வேயிலிருந்து கப்பலில் வந்தவர்களாம். அந்தப் பாசத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நோர்வேயில் வீடு உள்ள குடும்பத்துப் பிள்ளை படிக்க வந்தால் உள்ளூர்க் கட்டணம் கட்டினால் போதும். அப்பா அம்மா இல்லாதபடியால் என்னுடைய குடும்பம் என்று எழுதக்கூடியது நீங்கள் ஒருவர்தான். அதனால் நீங்கள் அங்கே வசிக்க வேண்டும், வருடா வருடம் அதை நிரூபிக்கவும் வேண்டும். நோர்வே அரசின் லோனெகாசனில் கிடைக்கிற படிப்புக் கடன் உள்ளூர்க் கட்டணத்துக்குத்தான் காணும். மூன்று மடங்கு என்றால் அடுத்த விமானத்தில் திரும்பி வர வேண்டியதுதான்.

இந்தச் சலுகைக்குப் பதிலாக ஊர் ஆட்களுக்கு நோர்வேயைப் பற்றி நான் பேச வேண்டும், அரையாண்டுக்கு இரண்டு தடவை. முதல் பேச்சு போன கிழமை முடிந்தது. ஓய்வூதியக்காரர்களின் சங்கம். நோர்வேப் பிள்ளை வருகிறாள் என்று உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு, நாலு கொடி குத்தி வைத்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் ஐந்து நிமிடம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு கிழவி, அங்கேயும் இப்போது வெயில் கூடிவிட்டதோ என்று கேட்டார். ஓம், கோடையில் கொஞ்சம் என்றேன். நான் நோர்வேஜிய மொழியில் நாலு வசனம் பேசினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு என் அண்ணன் வெஸ்ட்லி பாதையில் ரி-பான ஓட்டுகிறார் என்று சொன்னேன். சுரங்க ரயில் என்றதும் சந்தோசப்பட்டார்கள். ரொட்டி நன்றாக இருந்தது.

உங்கள் கேள்விக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் என் கேள்வி. போன வருடம் லண்டனில் நடந்த சாமத்தியவீட்டுப் பந்தியில் யோசெப்பினக்காவும் நீங்களும் இலையில் போட்ட சோற்றை மறந்து கதைத்ததை நான் பார்த்தேன். வீட்டில் இப்போது நானும் இல்லை. இன்னும் என்ன யோசனை?

தர்மிகா


20.1.2005

அன்புள்ள தர்மிகா,

யோசெப்பினைப் பற்றிக் கேட்டாய். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு லண்டன் போய் வந்தேன். பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறாள். தாயார் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் வழங்காமல் கிடக்கிறார், அவரை ஒஸ்லோக் குளிருக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே கலியாணம் என்றால் நான்தான் அங்கே போக வேண்டும். இங்கிருந்து எத்தனை பேர் பெட்டி கட்டிக்கொண்டு லண்டன் போய்விட்டார்கள் என்று உனக்குத் தெரியும். குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கப் போனால் கடைக்காரரே தானும் போகப் போகிறேன் என்கிறார்.

அவசரம் ஒன்றும் இல்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. உன்னுடைய படிப்பு நாலு வருடமா, மூன்றரையா? அதை மட்டும் சரியாக எழுது.

இங்கே மைனஸ் பதினாலு. காலையில் தண்டவாளத்தில் பனிக்கட்டி. உன் புத்தகங்களை உன் அறையிலேயே வைத்திருக்கிறேன்.

அண்ணா


27.3.2005

அண்ணா,

உங்கள் கூட்டாளி இந்திரகுமார் அண்ணை நேற்று ரொம்மனிலிருந்து ஃபோன் எடுத்தார். வழக்கம்போல எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதை" என்றார். ஆகவே அவர் சொன்னார் என்று எழுதுகிறேன்.

போன வைகாசியில் நீங்கள் வீட்டை விற்பதற்கு ஆள் பார்த்தீர்களாம். விலையும் பேசியாகிவிட்டதாம். ஆனியில், என்னுடைய அனுமதிக் கடிதத்தோடு அந்த விதியும் வந்த கிழமை, விற்கவில்லை என்று சொல்லிவிட்டீர்களாம். விமான நிலையத்தில் நீங்கள் கதைக்காமல் நின்றதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. வருடத்தை எண்ணிக் கேட்டதன் அர்த்தமும் விளங்குகிறது.

நான் எதிலிருந்து வெளியேறினேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது ஒருநாள் குசினியில் நீங்கள் இந்திரகுமார் அண்ணைக்குச் சொன்னீர்கள்: "தர்மிகா படிச்சு முடியட்டும், பிறகு பாப்பம்." நான் கதவுக்கு வெளியே சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றேன். பேர்கனில் படித்தாலும் ஒவ்வொரு லீவுக்கும் வீட்டுக்கு வருவேன், நீங்களும் எனக்காக அங்கேயே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். லீவுக்கு வர முடியாத தூரமாகப் பார்த்தேன். எனக்குச் சுழல்காற்றில் ஆசைதான், அது பொய்யில்லை. ஆனால் ஆசை மட்டும் என்றால் பேர்கனில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போயிருப்பேன்.

உங்களை விட்டுவிட வேண்டும் என்று வந்தேன். வந்த இடத்தில் உங்களை அந்த வீட்டிலேயே இருத்தி வைத்துவிட்டேன். எனக்கு இதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு லண்டன் போங்கள். நான் வேறு வழி பார்க்கிறேன்.

தர்மிகா


15.4.2005

தர்மிகா,

வேறு வழி என்று ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியாதா. ஒரு வருடம் படித்துவிட்டு அரைகுறையாக வந்து நிற்கிறதற்கா இவ்வளவு?

வழியை நான் பார்த்துவிட்டேன். வீடு விற்றாகிவிட்டது. இந்திரகுமாரின் தபால்பெட்டியில் என் பெயரையும் ஒட்டியாகிவிட்டது. அதில் ஏற்கெனவே நாலு பெயர். இரண்டு பேர் லண்டனில், ஒருவர் கனடாவில், ஒருவர் எங்கே என்று இந்திரகுமாருக்கே தெரியாது. நம்முடைய ஆட்களில் பாதிப்பேர் காகிதத்தில் ரொம்மனில்தான் இருக்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் இந்த விலாசத்துக்கு மாறிவிட்டதாக எழுதிக் கொடுத்தேன், ஒரு கேள்வி இல்லை. புதுச் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது.

சித்திரை முடிய லண்டன் போகிறேன். நீ வாயைத் திறக்காமல் படி.

அண்ணா


2.5.2005

அண்ணா,

சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். வாங்கிய பெண் எனக்கு நல்ல கோடை அமைய வேண்டும் என்று வாழ்த்தினாள்.

கலியாணம் எப்போது என்று எழுதுங்கள். சேலை எடுக்க வேண்டும்.

தர்மிகா


ஹரோ, லண்டன்
8.1.2006

அன்புள்ள தர்மிகா,

கன நாளாக எழுதவில்லை. பெற்றோல் ஷெட்டில் வேலை. ரி-பான ஓட்டும்போது ஒருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள், இங்கே எல்லாரும் கதைக்கிறார்கள். தமிழ்ப் பேப்பர் ஆறு வகை வருகிறது, எல்லாம் இலவசம். குளிர் இல்லை, ஈரம்தான். தனியறை ஒன்று எடுத்து இருக்கிறேன். யோசெப்பினின் வீடு மூன்று தெரு தள்ளி.

கலியாணத்தை நீ திரும்பத் திரும்பக் கேட்கிறாய். பதிவு செய்வதென்றால் மணமகனின் வசிப்பிடம் என்ன என்று எழுத வேண்டும். லண்டன் என்று எழுதினால் அது எப்படியும் நோர்வேக்குப் போய்ச் சேரும், ஒஸ்லோ என்று எழுதினால் இங்கே பொய். உன் படிப்பு முடிய இன்னும் இரண்டரை வருடம்தானே. அதுவரை இப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்று யோசெப்பினுக்குச் சொல்லியிருக்கிறேன். மாதா கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிப்பதையும் தள்ளிப் போட்டாயிற்று. அவளுடைய தாயார் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நான் போகும்போது வாய் கோணியபடியே திகதி கேட்கிறார். நான் தேத்தண்ணீர் போட எழுந்துவிடுவேன்.

யோசெப்பின் திகதி கேட்பதில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீங்கள் மிஸ்ஸா மிஸிஸா என்று கேட்டார்களாம். அதை மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அண்ணா


30.4.2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை வாசித்துவிட்டு உடனே ஃபோன் எடுக்க வேண்டாம். முழுவதும் வாசியுங்கள்.

இந்த வருடம் கல்லூரி ஒரு புது வேலை செய்தது. சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டது. நீங்கள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கடிதம் போன மாதிரியே திரும்பி வந்தது. உறையில், இந்திரகுமார் அண்ணையின் மனைவி நேசமணி அக்காவின் முத்து முத்தான கையெழுத்தில், அமெரிக்காக்காரருக்கு விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'இவர் இங்கே இல்லை. லண்டனுக்குக் குடிபோய்விட்டார். கலியாணம் செய்யப் போகிறார்.' கீழே தன் பெயரும் ஃபோன் நம்பரும்.

இந்திரகுமார் அண்ணையைக் கேட்டேன். அவர் அழாக்குறையாகச் சொன்னார். அக்கா தை மாதத்தில் கட்டட நிர்வாகக் குழுவுக்குத் தெரிவாகிவிட்டாராம், முதல் தமிழ்ப் பெண். வந்தவுடன் தபால்பெட்டிகளில் குடியிருக்கிறவர்களின் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டினாராம். ஊருக்குச் சொல்ல முதல் தான் செய்ய வேண்டும் என்று தன் வீட்டுப் பெட்டியிலிருந்த ஐந்து பெயரையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டாராம். ஏன் ஒட்டியது என்று அண்ணை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சுரண்டியதை உங்களுக்குச் சொல்லவும் பயம். அக்கா இன்றைக்கும் உங்களுக்கு ஒரு உதவி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரோடு கோபிக்க வேண்டாம்.

கட்டண அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதே பெண்தான். உறையை மேசையில் வைத்தாள். அவள் நல்லவள். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் தவறுதலாக எழுதியிருக்கலாம், அப்படி நடப்பதுண்டு, தவறு என்று நீ சொன்னால் இன்னொரு தடவை அனுப்புகிறேன் என்றாள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஓம், தவறு என்று சொல்லியிருந்தால் நான் இன்னும் இந்த மாநிலத்துக்காரி.

நான் உறையைப் பார்த்தேன். கலியாணம் செய்யப் போகிறார் என்று எழுதியிருந்தது. அது தவறு என்று என் வாயால் சொல்ல வேண்டும். அண்ணா, எனக்கு அது வரவில்லை. தவறில்லை, அவர் லண்டனில்தான் ஒரு வருடமாக இருக்கிறார் என்றேன். சான்றிதழ் பொய் என்பதையும் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு, இதுவரை கட்டியதைக் கிளற மாட்டோம், வருகிற ஆவணியிலிருந்து வெளியாட்களின் கட்டணம் என்றாள்.

ஆகவே வைகாசியோடு முடிகிறது. படித்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதியைப் பேர்கனில் கணக்கெடுப்பார்கள், எழுதிக் கேட்டுவிட்டேன். போன கிழமை பேராசிரியரோடு கல்லூரி வாகனத்தில் போய் முதல் தடவையாக ஒரு சுழல்காற்றை எட்டத்தில் நின்று பார்த்தேன். பத்து நிமிடம் இருந்தது. எனக்குக் கவலையில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டு நாள் அழுதேன், பிறகு பரீட்சைக்குப் படித்தேன்.

தர்மிகா


ஹரோ
21.5.2006

அன்புள்ள தர்மிகா,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் காணாது. அதை விடு.

கோபம் ஆறியதும் பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினேன். ஒஸ்லோவுக்குப் போவது, ஒரு அறை எடுப்பது, பழைய வேலையைக் கேட்பது, ஒரு வருடம் உண்மையாகவே வசித்துவிட்டு உனக்கு உண்மையான சான்றிதழ் எடுத்துத் தருவது. யோசெப்பின் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. ஒரு காலுறைச் சோடியை மடித்துத் தந்துவிட்டுக் கேட்டாள்:

"அவள் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாள். இப்ப ஆருக்காகப் போறியள்?"

பெட்டியை மூடவும் இல்லை, அதற்குமேல் அடுக்கவும் இல்லை. அப்படியே இருந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதுவது லேசில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உன் கல்லூரியின் விதியை நீ வாசித்துக் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வீட்டை விற்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்து படுத்தபோது நிம்மதியாகவும் இருந்தது. முதலில் அம்மா. அதற்குப் பிறகு நீ. அதற்குப் பிறகு உன் கட்டணம். பதினெட்டு வயதிலிருந்து யாருக்காகவாவது காத்திருந்துதான் எனக்குப் பழக்கம். எனக்காக ஒன்றைச் செய்யச் சொன்னால் பயமாக இருக்கிறது. முப்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கம்தான். தங்கச்சிக்காகத் தியாகம் செய்கிறான் என்று ஊரே சொன்னது. நானும் மறுக்கவில்லை. அந்தப் பேரைக் காப்பாற்ற யோசெப்பினின் இரண்டு வருடத்தை எடுத்துவிட்டேன். உன்னுடைய பாதிப் படிப்பும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போனோம். ஆடி எட்டாம் திகதி, சனிக்கிழமை. வசிப்பிடம் என்ற இடத்தில் ஹரோ என்று எழுதினேன். ஒஸ்லோவுக்கும் அறிவித்துவிட்டேன். யோசெப்பினின் தாயாருக்குத் திகதியைச் சொன்னதும் நம்பவில்லை, காகிதத்தைக் காட்டச் சொன்னார்.

உனக்கு ரிக்கெட் அனுப்புகிறேன். வா.

அண்ணா


பேர்கன்
10.9.2006

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கலியாணப் படங்கள் கிடைத்தன. எல்லாப் படத்திலும் அண்ணா கடவுச்சீட்டுக்கு நிற்கிற மாதிரித்தான் நிற்கிறார். நேசமணி அக்கா மட்டும் எல்லாவற்றிலும் நடுவில் நிற்கிறார். தன்னுடைய ஒரு வசனத்தால்தான் இந்தக் கலியாணம் நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் அறிவித்தல் ஒட்டிவிடுவார்.

இங்கே வந்து மூன்று கிழமை. இருபத்தொரு நாளில் பத்தொன்பது நாள் மழை. அண்ணா சொன்னது சரிதான், எனக்கு இந்த மழை காணும். அறை சின்னது, ஜன்னலுக்கு வெளியே மலை. அமெரிக்காவில் படித்ததில் முக்கால்வாசியை ஏற்றுக்கொண்டார்கள். இங்கே சுழல்காற்றுப் பாடம் இல்லை. வடகடல் புயல் என்று ஒன்று இருக்கிறது, பார்ப்போம்.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போன நாளைச் சொல்ல வேண்டும். பழக்கத்தில் ஒரு கோப்பு நிறையக் காகிதம் கொண்டுபோனேன். என்னுடைய பிறப்புப் பத்திரம், நோர்வேக் குடியுரிமை, உங்கள் பழைய சான்றிதழ்கள், உங்கள் லண்டன் விலாசம், நீங்கள் ஏன் இங்கே இல்லை என்று நான் எழுதிய ஒரு பக்க விளக்கமும். வரிசையில் நின்றபோது அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என்னுடைய முறை வந்ததும் அங்கிருந்த பெடியன் என் அடையாள எண்ணை மட்டும் கேட்டான். கணினியில் அடித்தான். மாணவர் அட்டையை நீட்டினான். கோப்பைத் தள்ளி, வேறு ஏதும் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், இங்கே எல்லாருக்கும் ஒன்றுதான் என்றான். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்.

வெளியே வந்து படியில் நின்று சிரித்தேன். இரண்டு வருடம் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் நான் யார் என்று தீர்மானித்தார்கள். இப்போது என் ஆட்கள் லண்டனில் இருந்தால் என்ன, சந்திரனில் இருந்தால் என்ன, ஒருவருக்கும் தேவையில்லை. முதல் கிழமை அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இரண்டாம் கிழமை பழகிவிட்டது.

இந்தக் கிழமை கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. இந்த நாட்டில் எனக்கென்று ஒருவரும் இல்லை, அதை எழுதிக் காட்டச் சொல்லி ஒருவர் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுங்கள் அண்ணா. சண்டை வந்தாலும் பரவாயில்லை. சும்மா, "எங்கை நிக்கிறாய் தங்கச்சி?" எண்டு கேளுங்கோ.

தர்மிகா